தவசிலிங்கம் இறங்குறதுக்கான லிஸ்ட்

எங்க ஊருல முட்டையை அரைவேக்காடா எடுக்கணும்னா ஒரு சுத்து, சோறு வடிக்க அஞ்சு சுத்து, பரமக்குடி பஸ்ஸு வந்து நின்னு ஆளை ஏத்திட்டுக் கிளம்ப ஒண்ணரைச் சுத்துன்னு ஏழு மாசம் கணக்கு நடந்துச்சு. சுத்துனது வேற யாரும் இல்ல, என் வீட்டுக்காரருதான், நாலு நிமிசத்துக்கு ஒரு தடவை ஊரை வலம் வந்துக்கிட்டு, எல்லார் தலைக்கும் மேல, ஒரு பழைய ரெண்டு சீட்டு விமானத்துல.

நரிக்காட்டேந்தல்ங்கிற பேரை நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க, கேட்டு ஆகப்போறதும் ஒண்ணுமில்ல, மிளகாயும் சீமைக்கருவேலமும் விளையுற வறண்ட பூமி. ஆனா எந்த ஊருக்கும் இல்லாத ஒண்ணு எங்களுக்கு இருந்துச்சு, சண்டைக் காலத்துல வெள்ளைக்காரன் போட்டுட்டுப் போன விமான ஓடுதளம், அரை மைல் நீளத்துக்கு வழவழன்னு கெடக்கும், அதுல நாங்க மிளகா வத்தல் காயப்போடுவோம். மாசிப் பங்குனியில மேல இருந்து பாத்தா ஊருக்குக் குங்குமம் இழுத்துவிட்ட மாதிரி இருக்கும்னு பின்னாடி அவரே சீட்டுல எழுதி அனுப்புனாரு.

என் பேரு சண்முகக்கனி. எங்களுக்குத் தொழில் ரேடியோ செட்டு, கல்யாணம், சடங்கு, கோயில் கொடைன்னு குழாய் கட்டிப் பாட்டுப் போடுறது. அவரு, தவசிலிங்கம், அதுக்கு முன்னாடி பதினோரு வருசம் ஒரு விமானம் ஓட்டப் பழக்குற பள்ளிக்கூடத்துல மெக்கானிக்குக்குக் கையாளா இருந்தவரு. அங்க இருந்த வாத்தியார் ஒருத்தரு ஆளில்லாத நேரத்துல இவரையும் பக்கத்துல உக்கார வச்சு ஓட்ட விட்டிருக்காரு. பள்ளிக்கூடத்தை இழுத்து மூடுனப்போ பழைய இரும்புக் கணக்குல ஒரு விமானத்தை ஏலம் விட்டாங்க. இந்த மனுசன் என் காதுத் தோட்டைக் கழட்டி வச்சு அதை எடுத்து, றெக்கை தனி உடம்பு தனியா லாரியில கொண்டாந்து எறக்குனாரு. சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டின்னு நான் பேசாத பேச்சு இல்ல. மூணு வருசம் தட்டித் தட்டிச் சேத்தாரு. துணி கிழிஞ்ச எடத்துல என் நூல்சேலையை ஒட்டித் தச்சாரு.

எல்லாம் சேந்துச்சு, ரெண்டு விசயந்தான் சேரல. எந்த வேகத்துல எந்திரிக்கணும், எந்த வேகத்துல எறங்கணும், எந்த வேகத்துக்குக் கொறைஞ்சா கல்லு மாதிரி விழுந்துரும்னு சொல்ற பொஸ்தகத்தைக் கரையான் தின்னுருச்சு. வேகம் காட்டுற முள்ளுக்குப் பின்னாடி பச்சை மஞ்சள் வெள்ளைன்னு கோடு போட்டிருப்பாங்களாம், இந்த வேகம் நல்லது, இது ஆகாதுன்னு. அந்தக் கோடெல்லாம் வெயில்ல வெளுத்து வெறும் நம்பர்தான் மிச்சம், அதுவும் மைல் கணக்குல. "பறக்கவா போறேன், தரையில சும்மா இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் ஓட்டிப் பாக்கத்தானே" அப்படின்னாரு. பின்சீட்டுல கனத்துக்கு ஆள் வேணுமேன்னு, நாங்க சீரியல் பல்பு கோபுரம் கட்டுற நைலான் கயிறு ரெண்டு பெரிய சுருளைத் தூக்கி வச்சாரு. நான் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வச்சேன். பழம் நசுங்குச்சு, விமானம் ஓடுச்சு, ஆவணி முடியப்போயும் ஓயாத ஆடிக் காத்து எதிர்ல வந்து மோதுச்சு, ஆத்தாடி, பாத்துக்கிட்டு இருக்கும்போதே சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவுல வெளிச்சம் தெரிஞ்சுச்சு.

ரெண்டு தடவை எறங்க வந்தாரு. ரெண்டு தடவையும் பனைமர ஒசரத்துல றெக்கை வெடவெடன்னு நடுங்க, பயந்துபோய் மேலேயே போயிட்டாரு. தொட்டியில நாப்பது லிட்டர் பெட்ரோல்தான், மத்தியானத்துக்குள்ள தீந்துருக்கணும். தீரல. சாயங்காலமும் தீரல, மறுநாளும் தீரல. சரி, பெட்ரோல் தீராட்டி மனுசனுக்குச் சோத்துக்கு வழி பாக்கணும்ல? மூணாம் நாள் அவரே வழி பண்ணுனாரு. நைலான் கயிறை முடிஞ்சு முடிஞ்சு நீளமாக்கித் தொங்கவிட்டு, வட்டத்தைச் சுருக்கிச் சுத்துனாரு. சுத்துனா கயிறும் சுத்தணுமே, சுத்தல. அதோட நுனி எங்க பொதுக் கிணத்து வாய்க்கு நேரா, ஆணி அடிச்ச மாதிரி அசையாம நின்னுச்சு. நான் தூக்குச்சட்டியில புளிச்சோறும் வறுத்த வத்தலும் கட்டி விட்டேன். மேல போச்சு. கொஞ்ச நேரத்துல கழுவுன சட்டி கீழ வந்துச்சு, உள்ள ஒரு சீட்டு: "உப்புக் கம்மி."

செல்போன்ல பேசியிருக்கலாமேன்னு கேப்பீங்க. அந்த என்ஜின் இரைச்சல்ல அவரு காதுல இடி விழுந்தாலும் கேக்காது. நாலு குழாயையும் வானத்தப் பாத்துத் திருப்பி வச்சுக் கத்திப் பாத்தேன், ஊருல இருந்த கைப்பிள்ளையெல்லாம் முழிச்சதுதான் மிச்சம். அதனால எங்களுக்குள்ள எல்லாப் பேச்சும் சீட்டுதான்.

ஊரு இதை எப்படி எடுத்துக்கிச்சுன்னா, மாமியா செத்த மூணாம் மாசம் மருமக பழகிக்கிற மாதிரி எடுத்துக்கிச்சு. ரேசன் கடையில ஆளு நேர்ல வந்து கைரேகை வச்சாத்தான் அரிசின்னாங்க, ரேகை மெசினையே சட்டியில வச்சு மேல அனுப்பி வாங்குனோம். மிளகாயக் கொத்த வர்ற கிளி அவரு நிழலுக்குப் பயந்து வர்றதில்லன்னு மாடத்தி, என் பக்கத்து வீட்டுக்காரி, நாலு வீட்டுல பெருமையாச் சொல்லிக்கிட்டா. பஸ் டிப்போவுல டைம் கீப்பரா இருந்து ஓய்வு வாங்குன அமலதாஸு சாரு ஒரு நோட்டுப் போட்டு ஒவ்வொரு சுத்தையும் எழுதி, "ஒரு நாளைக்கு முன்னூத்தி அறுபது சுத்து, ஒரு செகண்டு பிசகல, நம்ம டிப்போ வண்டிய விட ஒழுக்கம்" அப்படின்னாரு. பூசாரி வேலாண்டி கிணத்து மேட்டுல மூணு செங்கல்லை நட்டு மாலை போட்டாரு. அப்புறந்தான் ஆரம்பிச்சுச்சு பூட்டு.

எங்க பக்கம் ஒரு வழக்கம், வேண்டுதல் இருந்தா சாமி முன்னாடி ஒரு பூட்டைப் பூட்டி விட்டுட்டு வருவோம், சாவியக் கொளத்துல எறிஞ்சிருவோம். இங்க ஆளு மேல இருக்காரே, சாமிக்குப் பக்கம்தானேன்னு, எனக்குத் தெரியாம என் சோத்துச் சட்டிக்குள்ள பூட்டை வச்சு அனுப்ப ஆரம்பிச்சாங்க. பிள்ளை வேணும்ங்கிற பூட்டு, வயித்துவலிப் பூட்டு, பங்காளிச் சண்டைப் பூட்டு, எட்டு லீவர், பத்து லீவர். அந்த மனுசனும் யாரையும் நோகடிக்கத் தெரியாம எல்லாத்தையும் பின்சீட்டுல அடுக்கிக்கிட்டாரு.

எல்லாரும் பழகிக்கிட்டாங்க, நான்தான் பழகல. தாலி கழுத்துல கெடக்கு, புருசன் தலைக்கு மேல இருக்காரு, வீட்டுல பாய் ஒண்ணுதான் விரிக்கிறேன். கல்யாண வீட்டுல என்னைப் பாத்தா ஆரத்தி எடுக்கக் கூப்பிடலாமா வேண்டாமான்னு பொம்பளைங்க குசுகுசுன்னு பேசிக்குவாங்க. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? நிழலு முத்தத்துல விழுந்து போறப்பல்லாம் நான் அந்த எடத்தைக் கையால தொட்டுக்குவேன். வெக்கத்தை விட்டுச் சொல்றேன், அதான் நடந்துச்சு.

தை மாசத்துல ஒருநாள் சட்டிய அவுக்கும்போது பாக்குறேன், கிணத்துக் கல்லுல ஒரு முழம் கயிறு உபரியாச் சுருண்டு கெடக்கு. எப்பவும் நுனி மட்டும்தான் தொடும். மறுவாரம் ஒண்ணரை முழம். அதுக்கு மறுவாரம் மூணு. கயிறு வளரல, அவருதான் எறங்கிக்கிட்டே வந்துருக்காரு. அமலதாஸு சாரு நோட்டப் பாத்துட்டு மூக்குக்கண்ணாடியக் கழட்டினாரு.

"கனி, சித்திரைப் பொறப்புக்குள்ள பனை உச்சியத் தொட்டுரும்மா. அதுக்குள்ள அந்தாளு தானா எறங்கணும். இல்லாட்டி அது எறக்கிரும்."

நான் சீட்டு எழுதுனேன். அவரு பதில் எழுதுனாரு: "எனக்கும் தெரியும். வேகம் தெரியாம எறங்க முடியாது. கண்டுபிடிப்போம். முதல்ல பூட்டை நிறுத்து. கனம் ஏற ஏற விழுகிற வேகமும் ஏறும், இன்னைக்குப் பாத்த நம்பர் நாளைக்கு உதவாது." மறுநாள் காலையில கண்மாய்க்கு மேல போய் ஒவ்வொரு பூட்டாக் கீழ போட்டாரு. தண்ணியில தொபுக்கு தொபுக்குன்னு விழுந்துச்சு. யாரு பூட்டு விழுந்துச்சோ அவுங்க வேண்டுதல் பலிச்சிருச்சுன்னு பூசாரி சொல்லிட்டதால, அன்னைக்கு ஊருல சண்டை இல்லாமப் போச்சு.

முதல்ல விழுகிற வேகம். அதுக்கு ஒரே வழி விழுந்து பாக்குறதுதானாம். முடிஞ்ச மட்டும் ஒசரத்துக்கு ஏறுவாரு, அங்க ரொம்ப நேரம் நிக்காது, தன்னால அமுங்கிரும், அதுக்குள்ள என்ஜினைக் கொறைப்பாரு, மூக்கைக் கொஞ்சங் கொஞ்சமாத் தூக்குவாரு, விமானம் தவங்கும், நடுங்கும், அப்புறம் மூக்கைத் தொபுக்குன்னு தொங்கப்போட்டு விழும். அந்த நொடியில முள்ளு எந்த நம்பர்ல நிக்குதுன்னு பாத்துக்கிட்டு, மூக்கைக் கீழ விட்டு வேகத்தப் புடிச்சு மறுபடி ஏறுவாரு. பத்துத் தடவை விழுந்தாரு என் புருசன். பத்துத் தடவையும் ஊருப் பொம்பளைங்க வாயில அடிச்சுக்கிட்டு அலறுனாங்க, நான் கிணத்துக் கட்டையப் புடிச்சுக்கிட்டு நின்னேன். சாயங்காலம் சீட்டு வந்துச்சு: நாப்பத்திரண்டு. விழுகிற வேகத்தோட பத்துக்கு மூணு சேத்தா எறங்குற வேகம்னு அந்த வாத்தியாரு சொல்லிக் குடுத்திருக்காராம். அப்போ அம்பத்தஞ்சு. ஒரு நம்பர் கையில இருந்தா மனுசிக்கு எவ்வளவு தெம்பு வருது தெரியுமா, அன்னைக்கு நான் அவரு மேல போனதுல இருந்து முதல் தடவையா ரெண்டாஞ்சோறு வாங்கித் தின்னேன்.

அடுத்தது, என்ஜின் ஓட்டம் இல்லாம எந்த வேகத்துல வந்தா ரொம்பத் தூரம் வரலாம்ங்கிறது. "மேல இருந்து பாத்தா எனக்கு எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கு, நீங்கதான் அளக்கணும்" அப்படின்னு எழுதியிருந்தாரு. தண்ணித்தொட்டிக்கு மேல வந்ததும் என்ஜினை அடங்க வச்சு, சீட்டுல முன்னாடியே எழுதி அனுப்புன ஒரே வேகத்துல சறுக்கி வருவாரு. பனைமர ஒசரத்துக்கு வந்ததும் மறுபடி முடுக்கிட்டு ஏறிருவாரு. அந்த எடம் எதுன்னு தரையில நாங்க குறிக்கணும். ஊரே ஓடுதளத்துல வரிசையா நின்னுச்சு, கையில ஆளுக்கொரு படி மிளகா. நிழலு எங்க நிக்குதோ அங்க ஒரு குமி கொட்டுவோம். அம்பதுல வந்தப்போ கிட்டக்கவே தீந்துருச்சு. அம்பத்தஞ்சுல கொஞ்சம் தூரம். அறுபதுல இன்னும் தூரம். எழுபதுல வேகமா வந்தாரு, ஆனா குமி கிட்டக்கவே விழுந்துச்சு. அப்புறம் அறுபதுக்கு மேல ஒண்ணொண்ணாப் பாத்தோம். மெதுவாப் போனாத் தூரம் போகலாம்னு நெனைக்கிறோம்ல, அது பொய்யி. மூக்கைத் தூக்கித் தூக்கி வச்சாத் தூரம் போயிருவோம்னு தோணும், சீக்கிரமாத்தான் விழுவோம். கடைசியில எல்லாத்துக்கும் தூரமா இருந்த குமி, மாடத்தி கொட்டுனது, அறுபத்திரண்டு. அமலதாஸு சாரு சங்கிலி வச்சு அளந்து நம்பரை எங்கிட்டதான் குடுத்தாரு. "லிஸ்டுல சேத்து அனுப்பிரும்மா" அப்படின்னாரு.

லிஸ்டு எழுதுறது என் வேலை. விமானத்துல ஏறுனா எறங்குறதுக்குள்ள என்னென்ன எதுக்கப்புறம் எது செய்யணும்னு வரிசையா எழுதி, ஒவ்வொண்ணா வாசிச்சு வாசிச்சுச் செய்யணுமாம், எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும். நான் கல்யாணச் சாமான் லிஸ்டு எழுதிப் பழகுன கை, மேல பிள்ளையார் சுழி போட்டு, ஒண்ணாவது மஞ்சள்னு தன்னால எழுதிருச்சு. மஞ்சள் இல்லாம எங்க ஊருல எந்த லிஸ்டும் ஆரம்பிக்காது. ரெண்டாவது பெல்ட்டு கட்டுறது, மூணாவது பெட்ரோல் திருகு, நாலாவது காத்து எந்தப் பக்கம்னு புகையப் பாக்குறது, அஞ்சாவது அம்பத்தஞ்சு. இப்படிப் பதினாறு. அவரு பாத்துட்டு, "மஞ்சள் அனுப்பு, அப்பத்தான் டிக்கு போட முடியும்"னு எழுதுனாரு. ஒரு கெழங்கை முடிஞ்சு அனுப்புனேன்.

கீழ இன்னொரு வரி இருந்துச்சு. "ரெண்டாந்தாளும் வேணும். என்ஜின் நின்னா என்ன செய்றதுன்னு தனியா எழுதணும். அந்தத் தூரம் வர்ற நம்பரைப் பெருசா எழுது."

இதுலதான் நாங்க கெட்டோம். எங்க ஊரு வாயி எப்படின்னு சொல்லணும். அரிசி தீந்துபோச்சுன்னு சொல்ல மாட்டோம், பானை நெறைஞ்சிருக்குன்னுதான் சொல்லுவோம். விளக்கை அணைன்னு சொல்ல மாட்டோம், மலையேத்துன்னுதான். வெளியூர் போறவன் போறேன்னு சொன்னா நாக்கைக் கடிச்சுக்குவோம். இதுல, வானத்துல இருக்கிற மனுசனுக்கு, என்ஜின் நின்னான்னு, அதுவும் பேனாவால, அதுவும் பெருசாவா? பூசாரி காதைப் பொத்திக்கிட்டாரு.

"எழுதுன எழுத்துக்கு ஒரு உசுரு உண்டுத்தா. ஏழு மாசமா நிக்காத என்ஜினு. நீயே வாடான்னு கூப்புடுவியா?"

அமலதாஸு சாரு மட்டும் சொன்னாரு, "டிப்போவுல பஞ்சர் ஆனா என்ன செய்யணும்னு போர்டே எழுதி வச்சிருந்தோம் பூசாரி, அதனாலயா பஞ்சர் ஆச்சு?" அவரு பேச்சை யாரும் கேக்கல.

பூசாரி மேல பழியப் போட்டு நான் தப்பிச்சுக்கலாம், ஆனா அது நெசமில்ல. அவரு சொல்றதுக்கு முன்னாடியே நான் எழுதுறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன். எனக்கு ஒரு தம்பி இருந்தான், செல்லப்பாண்டி. ரேடியோ செட்டு அவன் ஆரம்பிச்சதுதான். ஒரு கொடைக்குக் கம்பத்துல ஏறி ஒயரு முறுக்கிக்கிட்டு இருந்தான். கீழ நின்ன நான், "பாத்துடா, ஷாக் அடிச்சிரப் போகுது" அப்படின்னேன். சொன்ன வாயி மூடல. அன்னையில இருந்து கெட்டது எதையும் நான் வாயால சொன்னதில்ல, காச்சல்னு கூடச் சொல்ல மாட்டேன், உடம்பு சுடுதும்பேன். அதனால, அறுபத்திரண்டுன்னு மட்டும் ஒரு தாள்ல எழுதி, அதுக்கு மேல ஒண்ணும் எழுத வராம, மடிச்சு அடுப்படியில மஞ்சள் டப்பாவுக்கு அடியில வச்சேன். அவரு ரெண்டு தடவை கேட்டாரு. "எழுதிக்கிட்டு இருக்கேன்"னு ரெண்டு தடவையும் பொய் சொல்லி அனுப்புனேன்.

பங்குனி இருவத்தி மூணு, காலை ஒம்போதுக்கு நல்ல நேரம். ஓடுதளத்துல இருந்த மிளகாயெல்லாம் அள்ளி, பெருக்கி, ரெண்டு பக்கமும் வாழை கட்டிட்டாங்க. ஆரத்தித் தட்டு தயாரா இருந்துச்சு. நான் செட்டைப் போட்டு, நாலு குழாயையும் கட்டி, நாதஸ்வரக் கேசட்டு ஓடிக்கிட்டு இருந்துச்சு. அவரு எறங்குனதும் ரெண்டு வார்த்தை பேசணும்னு மைக்கை என் கையில குடுத்து வச்சிருந்தாங்க. மேல அவரு லிஸ்டை வாசிச்சுக்கிட்டே வந்திருப்பாரு, மஞ்சள், பெல்ட்டு, திருகு, காத்து. தண்ணித்தொட்டியத் தாண்டி, கண்மாய்க்கு அந்தப் பக்கமா வளைஞ்சு, ஓடுதளத்துக்கு நேரா மூக்கைத் திருப்புனாரு.

அப்பத்தான் என்ஜின் நின்னுச்சு.

ஏழு மாசமா எங்க காதுக்குள்ள இருந்த சத்தம் அது, தூங்கும்போதும் சாப்பிடும்போதும் கேட்டுக்கிட்டே இருந்தது, அது நின்னதும் ஊரே செவிடான மாதிரி ஆயிருச்சு. அப்புறம் ஒரு காக்கா கத்துறது கேட்டுச்சு. யாரோ கேசட்டை நிறுத்துனாங்க. பாக்குறேன், விமானத்தோட மூக்கு மெல்ல மேல தூக்குது. எட்டிப் புடிச்சிரலாம்னு அவரு இழுக்குறாரு, எல்லாரும் அப்படித்தான் இழுப்பாங்களாம், கையி தன்னால இழுக்குமாம். மூக்குத் தூக்கத் தூக்க அது நின்ன எடத்துலயே அமுங்குது.

என் கையில மைக்கு இருந்துச்சு. ஏழு மாசத்துல முதல் தடவையா நான் பேசுனா அவருக்குக் கேக்கும். நம்பர் எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அப்பவும் நான் வாயைத் தொறக்கல. கம்பத்து மேல செல்லப்பாண்டி திரும்பிப் பாத்து, "என்னக்கா?"ன்னது என் கண்ணுக்குள்ள வந்து நின்னுச்சு. ஒரு மூச்சு. ஒரே ஒரு மூச்சுதான், அதை இழுத்து விட்டேன்.

அப்புறம் நாலு குழாயிலயும் என் சத்தம் போச்சு.

"என்ஜின் நின்னா! என்ஜின் நின்னா, மூக்கைத் தூக்காதீங்க! கேக்குதாங்க? மூக்கைக் கீழ விடுங்க! அறுபத்திரண்டு! அறுபத்திரண்டைப் புடிங்க!"

மூக்குக் கீழ எறங்குச்சு. தரையப் பாத்து வர்ற மாதிரி இருந்துச்சு, மாடத்தி கண்ணைப் பொத்திக்கிட்டா. நான் அறுபத்திரண்டு அறுபத்திரண்டுன்னு மந்திரம் மாதிரி சொல்லிக்கிட்டே இருந்தேன். எனக்குப் பின்னாடி ஒருத்தரு சொன்னாங்க, அப்புறம் பத்துப் பேரு, அப்புறம் ஊரே அறுபத்திரண்டு அறுபத்திரண்டுன்னு. பூசாரி குரலும் அதுல கேட்டுச்சு. விமானம் அமுங்குறதை விட்டுட்டு வழுக்கி வந்துச்சு, சத்தமே இல்லாம, றெக்கையில காத்துக் கிழியிறது மட்டும் கேட்டுச்சு. கண்மாயத் தாண்டுச்சு. கரையத் தாண்டல. சக்கரம் ரெண்டும் கரையில மோதி, ஒடிஞ்சு, ஒரு பக்கமாச் சாஞ்சு, ஓடுதளத்துக்கு முன்னால இருக்கிற பொட்டல்ல மண்ணைக் கிளப்பிக்கிட்டு வந்து நின்னுச்சு.

உசுரு இருந்துச்சு. இடது காலு முட்டிக்குக் கீழ ரெண்டு துண்டு. தூக்கும்போது கண்ணைத் தொறந்து என்னப் பாத்தாரு, நான் ஓன்னு அழுதேன், ஊரு முன்னாடி, மைக்கை அணைக்காம. பெட்ரோல் தொட்டியத் தொறந்து பாத்த அமலதாஸு சாரு, உள்ள ஒரு சொட்டு இல்லம்மா, தூசிதான் கெடக்குன்னாரு. ஏழு மாசம் எப்படி ஓடுச்சுன்னு யாரும் கேக்கல. அடுத்த வாரம் ஊருல எல்லார் வீட்டுலயும் சோறு குழைஞ்சுச்சு, பஸ்ஸைத் தவறவிட்டாங்க. இந்த மனுசன் எறங்குனதுல எம்புட்டு எடைஞ்சல் பாருன்னு மாடத்தியே என் காதுபடச் சொன்னா.

ஆஸ்பத்திரியில மூணாம் நாள் அவரு கேட்டாரு.

"கனி, ரெண்டாந்தாள் எங்க?"

"மஞ்சள் டப்பாவுக்கு அடியில."

அவரு சுவத்துக் கடியாரத்தப் பாத்தாரு, சரியா ஒரு சுத்து நேரம்.

"எவ்வளவு கொறைஞ்சுச்சு?"

"கரையில இருந்து ஓடுதளம் தொண்ணூறு அடிங்க."

"சங்கிலி வச்சா அளந்தே?"

"காலால. ரெண்டு தடவை அளந்தேன்." அப்புறம் சொல்லிட்டேன், சொல்லாம இருக்க முடியல: "ஒரு மூச்சு நேரம் நான் வாயைத் தொறக்கலைங்க. அந்தத் தொண்ணூறு அடியும் அதுதான்."

அவரு என் கையப் புடிச்சிருந்தாரு, விடல. "பேனா இருக்கா? எழுது" அப்படின்னாரு. ஆஸ்பத்திரி மருந்துச்சீட்டுப் பின்னாடி அவரு சொல்லச் சொல்ல எழுதுனேன். எழுத்துக் கோணலா வந்துச்சு, ஆனா முழுசா எழுதுனேன்.

இப்போ கிணத்து மேட்டுல செங்கல்லு இருக்கு, பூட்டு வர்றதில்ல. எங்க வீட்டுக்குத்தான் ஆளு வருது. முதல்ல வந்தது மாடத்தி. அவ மகன் கப்பல்ல வேலை பாக்குறான். கதவைச் சாத்திட்டு உக்காந்து, சேலை நுனியத் திருகிக்கிட்டே, "கனி, போனு வராமப் போனா நான் யாருகிட்ட போகணும், முதல்ல என்ன செய்யணும், வரிசையா எழுதிக் குடேன்" அப்படின்னா. எழுதிக் குடுத்தேன். அப்புறம் ஒருத்தி, புருசனுக்கு நெஞ்சுவலி வந்தா என்ன செய்யணும்னு கேட்டு. இன்னொருத்தரு, மழை இல்லாமப் போனா. போன வாரம் பூசாரி வந்து, ரொம்ப நேரம் அதையும் இதையும் பேசிட்டு, கண்ணு தெரியாமப் போனாங்கிற தாளை வாங்கி மடியில கட்டிக்கிட்டுப் போனாரு. எல்லாத்துலயும் மேல மஞ்சள்னு எழுதிருவேன், அதை விட முடியல.

இன்னைக்கு அவரு மறுபடி ஏறுறாரு. வேண்டாம்னு மூணு மாசம் சண்டை போட்டேன், கேக்கல. இடது காலை இழுத்து இழுத்து நடந்து போய் உக்காந்துட்டாரு, சக்கரம் புதுசு, கிழிஞ்ச எடத்துல என்னோட இன்னொரு சேலை. கரை ஓரத்துல இருந்து தொண்ணூறு அடியையும் காலையிலயே ஒரு தடவை நடந்துட்டு வந்தேன், தெனமும் நடக்குறதுதான். நான் மைக்குல வாசிக்கணும், ஒவ்வொண்ணுக்கும் அவரு கையத் தூக்கணும், அதுக்கப்புறம்தான் என்ஜினைப் போடணும்னு பேச்சு. முதல் தாள் பதினாறும் வாசிச்சேன். பதினாறு தடவை கையத் தூக்குனாரு.

நான் தாளை மடிக்கப் போனேன். அவரு கையத் தொங்கப்போடல, காத்துக்கிட்டு இருந்தாரு.

ரெண்டாந்தாளை எடுத்து, மூச்சு இழுக்காம வாசிச்சேன். "என்ஜின் நின்னா."

நாலு குழாயிலயும் போய் ஊரெல்லாம் கேட்டுச்சு. யாரும் காதைப் பொத்தல.